முதலில் கடிதம், பிறகு லத்தி

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர் மரியசூசை. மகனை லாக்கப்பில் அடித்துவிட்டார்கள் என்று ஒரு தாய் அழ, கலெக்டருக்கு மனு எழுதிக் கொடுத்தார். மறுநாளே இன்ஸ்பெக்டர் தணிகைவேல் அவரை ஸ்டேஷனுக்குத் தூக்கிவந்துவிட்டார்.

அந்த ஸ்டேஷனில் ஒரு வழக்கம். அடி வாங்கினவனால் பேனா பிடிக்க முடியாதாம். அதனால் முதலில் கடிதம், பிறகுதான் லத்தி. அவ்வளவு முன்யோசனை!

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு போச்சுன்னு உன் கைப்பட எழுதுடா."

மரியசூசை பேனாவைத் திறந்தார். "எந்தக் கைன்னு போடணுங்கய்யா? விவரம் தெளிவா இருக்கணுமே."

"மனு எழுதுற கைதான்!"

'வலது கை' என்று முத்து முத்தாக எழுதினார். கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த நாள் கோர்ட்டில் கட்டுப்போட்ட கையோடு நின்றார். இன்ஸ்பெக்டர் கடிதத்தை நீட்டினார். "விழுந்ததும் அவனே கைப்பட எழுதிக் கொடுத்தது, ஐயா."

மாஜிஸ்திரேட் கடிதத்தைப் பார்த்தார். கட்டைப் பார்த்தார்.

"ஒடிஞ்ச கையால எப்படிப்பா இவ்வளவு அழகா எழுதின?"

"எழுதும்போது ஒடியலீங்கய்யா. எதை ஒடிக்கப் போறாங்கன்னு கேட்டுத்தான் எழுதினேன்."