கம்பெனி சொன்ன பெயர்

பழைய ஸ்கேனர்களை லினக்ஸ் கணினிகளில் ஓட வைக்கும் மென்பொருளை, வேலை முடிந்து வந்து இலவசமாக எழுதுகிறவள் பூங்கோதை. கல்லூரித் தாளாளர் வைரவநாதன் அவளை வரவழைத்து மேசையைத் தட்டினார்.

"உன் மென்பொருளை நம்பித்தானே இந்த ஸ்கேனரை வெச்சிருக்கோம்? நாளைக்குள்ள ஓடணும்!"

"இந்த மாடலை நான் கண்ணால பார்த்ததே இல்லைங்க ஐயா. அது எப்படி வேலை செய்யுதுன்னு கம்பெனியைக் கேட்டேன், பதிலே இல்லை. நீங்க காசு கொடுத்து வாங்கினவர். நீங்க கேட்டா சொல்லாம இருப்பாங்களா?"

தாளாளருக்கு உச்சி குளிர்ந்தது. பேராசிரியர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் முன்னால் கம்பெனிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டு அதட்டினார்.

"அந்த மாடலுக்கு நாங்க மென்பொருள் எதுவும் செய்றதில்லை சார்," என்றார் கம்பெனிக்காரர். "பூங்கோதைன்னு ஒருத்தங்க இலவசமா செஞ்சு தராங்க. அவங்களைக் கேளுங்க."

பேராசிரியர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். விட்டது சனியன் என்று பூங்கோதை எழுந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?" என்றார் தாளாளர். "இது உன் பொறுப்புன்னு கம்பெனியே சொல்லிட்டாங்களே! உட்காரு."