முகம் கொடுத்தல்

மரியசூசை மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறியவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு கேமரா வாங்கினார். நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் புகைப்பட வகுப்பு நடத்திய ஹமீதாவிடம் மாணவராகச் சேர்ந்தார். ஹமீதா அவரைவிட இருபது வயது இளையவர்.

அன்றாடம் வாயில் புழங்கும் தொடர்களைப் படமாக எடுத்துவரச் சொல்லியிருந்தார் ஹமீதா. மாதக் கடைசியில் கண்காட்சி. மரியசூசைக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. மைத்துனரை உட்காரவைத்து, அவருடைய வழுக்கைத் தலையில் குழவியை வைத்து மிளகாய் அரைப்பதுபோல் எடுத்தார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த வாரம் இன்னொரு படம் கொண்டுவந்தார். எவர்சில்வர் தட்டில் ஒரு முகமூடி. தட்டை நீட்டும் ஒரு கை.

"முகம் கொடுத்துப் பேசுறது" என்றார்.

ஹமீதா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு சார்."

"பெறகு ஏன் டீச்சர் இதுல உயிரில்ல? எனக்கே தெரியுது."

"இந்தத் தொடரை எங்க கேட்டீங்க?"

"வீட்லதான். மக ஜெனிட்டா அவ அம்மைகிட்ட சொல்லிட்டிருந்தா."

"யாரைப் பத்தி?"

மரியசூசை கேமராப் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"என்னைப் பத்தி."

ஹமீதா படத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கேமராவை அவங்க கையில கொடுங்க. நீங்க முன்னால உட்காருங்க."

ஜெனிட்டா கணவன் வீட்டைவிட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். அவள் கூடத்துக்கு வந்தால் மரியசூசை பேப்பரை விரித்துக்கொள்வார். சாப்பிட்டாயா என்று கேட்பதையும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். அப்பாவுக்குத் தன்மேல் கோபம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை, அவள் வேலைக்குக் கிளம்பும்முன் கேமராவை நீட்டினார்.

"என்னை ஒரு படம் எடு மக்ளே."

அவள் ஆச்சரியப்பட்டாள். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்கப்பா."

அவர் தரையைப் பார்த்தார்.

"உங்க கண்ணு தெரியலப்பா. கொஞ்சம் நிமிருங்க."

நிமிர்ந்தார். பார்வை அவள் தோளைத் தாண்டிக் கதவுக்குப் போயிற்று. இப்படியே ஏழெட்டுப் படங்கள். ஒன்றிலும் கண் விழவில்லை.

"என்மேல அவ்வளவு வெறுப்பாப்பா?" என்றாள் ஜெனிட்டா, கேமராவுக்குப் பின்னாலிருந்தே.

மரியசூசை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வீட்லேர்ந்து நீ மூணு தடவ போன் பண்ணின" என்றார். "மூணு தடவையும் பொறுத்துப் போன்னு சொன்னவன் நான். அந்த மாப்பிள்ளையப் பார்த்ததும் நான்தான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைப் பார்க்க?"

கேமரா மெல்ல இறங்கி அவள் இடுப்பளவுக்கு வந்தது.

"இதத்தானாப்பா இத்தனை நாளா உள்ள வச்சிருந்தீங்க?"

அவர் தலையை ஆட்டினார். அப்போதுதான் பார்த்தார். மகளின் நெற்றியோரம் ஒரு பழைய தழும்பு இருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது. கேட்டார். அவள் சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை. அன்று மருந்துக்கடைக்கு அவள் போனபோது மணி பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை மரியசூசை வெறுங்கையோடு வகுப்புக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

"அவ அழுதா டீச்சர். நானும் அழுதேன். அதுக்கப்புறம் படம் எடுக்கணும்னு ரெண்டு பேருக்குமே தோணல."

ஹமீதா கண்காட்சிக்கான பட்டியலை எடுத்தார்.

"கண்காட்சியில இந்தத் தொடருக்கு வச்ச இடம் காலியாக் கிடக்குமே. மறுபடி அவ கையில கேமராவைக் கொடுத்து எடுத்துட்டு வரட்டுமா?"

"ஜெனிட்டா இப்போ எங்க?"

"வீட்லதான். இன்னிக்கு அவளுக்கு லீவு."

"அப்புறம் இங்க என்ன சார் பண்றீங்க?"