எல்லைக் கதவும் பேத்தியின் சளியும்

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குக் கோபம் வந்தால் எல்லைக் கதவைச் சாத்திவிடும் காலத்தில், அடுத்தடுத்து இரண்டு நாடுகள் இருந்தன. ஒன்றில் நெல் விளையும், மற்றதில் உப்பு விளையும். ஒன்றில்லாமல் மற்றதற்குச் சோறு இறங்காது. இது இரண்டு ராஜாக்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

நெல்நாட்டு அரண்மனை விகடன் மருதப்பன். ஊரைச் சிரிக்க வைத்தே அலுத்துப்போனவன். ஒரே மகள் வடிவை உப்புநாட்டில் கட்டிக்கொடுத்திருந்தான். அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் பார்த்திருந்தபோதுதான் அந்தக் கூத்து நடந்தது.

உப்புநாட்டு ராஜா அனுப்பிய திருவிழா ஓலையில் நம் ராஜாவின் பதினாறு பட்டங்களில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அவ்வளவுதான், ராஜா கொதித்துப்போனார்.

“அந்நாட்டிலிருந்து வந்தவை, ஆளாயினும் பொருளாயினும், நாளை மாலைக்குள் திரும்பிப் போக வேண்டும். இங்கிருந்து போனவை திரும்பி வர வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிடுங்கள்” என்றார்.

மருதப்பன்மேல் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த அமைச்சர் வல்லபராயர், பொறுப்பை அவனிடமே கொடுக்கலாம், ஒன்று தங்கினாலும் அவன் தலையை வாங்கலாம் என்றார்.

மருதப்பன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தான். அவன் காலத்தில் இது நாலாவது சண்டை. மகள் வந்துவிடுவாள், சரி. கதவைச் சாத்தினால் புருஷனிடம் எப்படித் திரும்புவாள்? சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவோம் என்று எழுந்தான்.

மறுநாள் விடிந்ததும், அங்கே வாழப்போன பெண்களுக்கெல்லாம் வண்டி போயிற்று. முதல் வண்டி வடிவுக்கு. அமைச்சரின் மூன்று மருமகள்களும் உப்புநாட்டுக்காரிகள், மூட்டை கட்டினார்கள். அங்கே வாக்கப்பட்ட அவருடைய அக்காமார் இருவர் வந்து இறங்கி, வந்ததும் வராததுமாக அடுக்களைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அந்தப்புர வாசலில் ஒரு பல்லக்கு நின்றது. மகாராணி உப்புநாட்டு ராஜாவின் தங்கை. பன்னிரண்டு வருஷமாகப் பிறந்தகம் பார்க்காதவள், ஆணை என்றதும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ராஜா கிரீடம்கூட இல்லாமல் ஓடிவந்தார். என்ன காரியம் இது என்று கேட்டார்.

“ஆணையை நிறைவேற்றுகிறேன், மகாராஜா. இன்னும் ஒரு சங்கடம் பாக்கி. தங்கள் தாயாரும் அந்நாட்டு இளவரசி. தங்களில் பாதியை அனுப்ப வேண்டும். எந்தப் பாதி என்று அமைச்சர் சொல்லட்டும்.”

அமைச்சர் ராஜாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். பல்லக்குக்குள்ளிருந்து முதலில் ராணி சிரித்தாள். பிறகு ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆணை ரத்தாயிற்று. ராணி மட்டும் இறங்கவில்லை; ஏறியது ஏறியாயிற்று, பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டாள்.

ராஜா முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

“மாலை வேண்டாம், மகாராஜா. எனக்கு அலுத்துவிட்டது. தங்களுடைய அடுத்த கோபம், என் மகள் பிள்ளையோடு புருஷன் வீடு போனபிறகு வரட்டும். அது போதும்.”

ராஜா சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தார்.

வடிவுக்குப் பெண் பிறந்தது. ஐந்தாம் மாதமே சத்தமில்லாமல் புருஷன் வீடு போய்விட்டாள். ஆனால் உப்புநாட்டின் பேரைக் கேட்டு ராஜா முகம் சுளிக்கும்போதெல்லாம் மருதப்பன் கைகட்டி நின்று, “குழந்தைக்குச் சளி, மகாராஜா. இன்னும் அனுப்பவில்லை” என்பான். ராஜா சிரித்துவிடுவார்.

கதவு திறந்தே கிடந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இன்னுமா சளி என்று ராஜாவும் கடைசிவரை கேட்கவில்லை.