வண்டி தின்னும் கொள்ளு

மலையடிக் காட்டில் பூரணி என்ற கழுதை வாடகைக்கு வண்டி ஓட்டியது. சொந்த வண்டி! பல வருடம் முதுகில் மூட்டை சுமந்து வாங்கிய ஒரே வண்டி. அது போனால் மறுபடியும் முதுகில்தான் சுமக்க வேண்டும்.

அடிக்காட்டுப் புளியை ஏற்றிப்போய் மலைமேல் இருக்கும் குரங்குகளிடம் இறக்குவது அதன் தொழில். வாடகை கொள்ளாகக் கிடைக்கும். அதைப் பூரணி மூன்று குவியலாகப் பிரிக்கும். ஒரு குவியல் ஆற்றுத்துறையில் சுங்கம் வாங்கும் முதலைக்கு. முதலை கொள்ளு தின்னுமா என்று கேட்காதீர்கள். சுங்கம் வாங்குகிறவர் எதையும் தின்பார்! இன்னொரு குவியல் வண்டிக்கு. அதை ஒரு பானையில் போட்டு மூடிவிடும். மிச்சம்தான் தன் வயிற்றுக்கு.

"வண்டிக்குப் பங்கா? அதுக்கு வாயா இருக்கு?" என்று கனைத்தது மின்னல் என்ற இளங்குதிரை. அதுவும் அப்போதுதான் ஒரு புது வண்டி வாங்கியிருந்தது.

"வாய் இல்லை தம்பி. ஆனா நாள்தோறும் தேயுதே!" என்றது பூரணி.

மின்னல் விழுந்து விழுந்து சிரித்தது.

காட்டில் எந்தச் சுமையும் தரகர் நரி வழியாகத்தான் வரும். ஒருநாள் நரி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"பூரணியக்கா! மின்னல் பாதி வாடகைக்கே வர்றேங்கிறான். நீங்க எப்படி?"

"பாதி கட்டாது நரியாரே! ஏறும்போதுதான் சுமை. இறங்கும்போது வெறும் வண்டி. வெறும் வண்டின்னா சக்கரம் தேயாதா? முதலைதான் சும்மா விடுமா? இறங்குற செலவும் ஏறுற வாடகையிலதானே வரணும்?"

"அடேயப்பா! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? அப்படின்னா சும்மா நில்லுங்க!"

வண்டி நின்றது. மின்னல் மட்டும் மணி குலுங்க ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. கிடைத்த கொள்ளில் சுங்கம் போக மற்றதையெல்லாம் அன்றன்றைக்கே தின்று தீர்த்தது. உடம்பு பளபளவென்று மின்னியது. "தொழில்னா அப்படிச் செய்யணும்!" என்று முயல்கள்கூடப் பேசிக்கொண்டன.

பூரணிக்குப் பசித்தது. பானையில் வண்டியின் பங்கு நிறையவே இருந்தது. திறந்தால் கொள்ளு! ஆனாலும் அது காய்ந்த புல்லைத்தான் மென்றதே தவிர, பானையில் வாய் வைக்கவில்லை. அந்த மனத்திடத்தை என்னவென்று சொல்வது!

புல்லை மென்றபடியே அது யோசித்தது. 'வாடகை குறைச்சல் என்று அழுது என்ன பயன்? வண்டி வெறுமையாக இறங்குவதுதானே நஷ்டம்?'

மறுநாள் வண்டியைக் கட்டாமல் தனியாக மலை ஏறியது. ஒவ்வொரு வளையாக, ஒவ்வொரு மரமாகப் போய்க் கேட்டது: "கீழே அனுப்ப உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

குரங்குகள் உதட்டைப் பிதுக்கின. கரடி கதவைக்கூடத் திறக்கவில்லை. கால் ஓய்ந்து திரும்பும் நேரத்தில் ஒரு முள்ளம்பன்றி வளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"கிழங்கு இருக்கும்மா! மலையெல்லாம் கிழங்கு. இறக்க வண்டி இல்லாம அழுகிப்போகுது!"

"நான் இறக்கறேன்!" என்றது பூரணி. வாடகையும் அங்கேயே பேசி முடிந்தது.

பூரணி நேரே நரியிடம் வந்தது. "நரியாரே, பாதி வாடகைக்குப் புளி ஏத்தறேன்."

"அன்னைக்குக் கட்டாதுன்னீங்களே!"

"அன்னைக்கு வண்டி ஒரு வழிக்குத்தான் சம்பாதிச்சது. இப்போ ஏறப் புளி, இறங்கக் கிழங்குன்னு ரெண்டு வழிக்கும் சுமை இருக்கு."

நரிக்கு மூக்கு வியர்த்தது. "அப்போ கிழங்குக்கு என் தரகு?"

"அந்தக் கிழங்கைத் தேடி நடந்தது என் காலு!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு புளி மூட்டைகளை எண்ணிக் கொடுத்தது.

மழைக்காலம் நெருங்கியது. பூரணி பானையைத் தூக்கிக்கொண்டு தச்சர் மரங்கொத்தியிடம் போனது. தேய்ந்த அச்சை மாற்றி, சக்கரத்துக்குப் புது இரும்புப் பட்டை போட்டுக்கொண்டது. பானை காலியானது. வண்டி புதிதானது.

முதல் மழையிலேயே மலைப்பாதை சேறாகிவிட்டது. கிழங்கு ஏற்றி இறங்கி வந்த பூரணி, பாதி வழியில் மின்னலைக் கண்டது. அச்சு முறிந்து, வண்டி பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. புளியெல்லாம் சேற்றில். மின்னல் கண்ணீரோடு நின்றது.

"அக்கா! அதே பாதை, அதே சுமை! உங்க வண்டி நல்லா ஓடுது, என் வண்டி மட்டும் ஏன் ஒடிஞ்சுது? நான் ஒருநாள்கூடச் சும்மா நிக்கலையே! வந்த கொள்ளு எங்கே போச்சு?"

பூரணிக்கு மனம் இளகிவிட்டது. ஆனாலும் உண்மையை மறைக்கவில்லை.

"தம்பி, நீ தின்னது கொள்ளு இல்லடா. உன் அச்சைத்தான் நீ தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுட்டே!"

மின்னல் தலை குனிந்தது. பூரணி முறிந்த அச்சைத் தன் வண்டியில் கிழங்குக்கு மேலே கட்டியது.

"வா, தச்சர்கிட்டக் கொண்டுபோவோம்."

"இதுக்கு வாடகை உண்டா அக்கா?" என்று மெல்லக் கேட்டது மின்னல்.

"பின்னே? உண்டு! கொள்ளு கிடைக்கும்போது கொடு," என்று சிரித்துக்கொண்டே வண்டியை இழுத்தது பூரணி.

கைக்கு வருவதெல்லாம் லாபம் அல்ல; தொழிலுக்கு உரியதைத் தொழிலுக்குக் கொடுத்தபின் மிஞ்சுவதே லாபம்.