எட்டாம் கூட்டுச் சேவல்

மண்ணுலகும் விண்ணுலகும் ஒரு கணம் அசையாமல் நிற்கக் கடவன. நாம் சொல்லப்போவது, கோழி எச்சம் கூட்டிய ஒரு பெண்மணியின் வரலாறு.

கொங்குநாட்டில் நெட்டைக்குன்று முருகன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிகளைப் பராமரித்து வந்தவர் வேலாத்தாள் அம்மையார். எட்டுக் கூடுகள், கூட்டுக்குப் பத்துப் பெட்டை, ஒரு சேவல். அந்த வட்டாரத்தில் கலப்பில்லாமல் மிஞ்சிய கோழிகள் அவ்வளவுதான். விடிந்ததும் எச்சம் கூட்டுவார், "முருகா" என்பார், தவிடு பிசைவார். ஆண்டுதோறும் தைப்பூசக் கொடியேற்றத்தன்று சேவல்களை மட்டும் அடுத்தடுத்த கூட்டுக்கு மாற்றிவிடுவார்; எட்டாம் கூட்டுச் சேவல் சுற்றிவந்து முதல் கூட்டுக்குப் போகும். தகப்பன் மகளோடு சேரக் கூடாதல்லவா? அழகனோ நொண்டியோ, எந்தச் சேவலுக்கும் ஒரு கூட்டில் ஓராண்டுதான்.

கழுத்தில் மாலை விழாத நாளை நாளென்றே எண்ணாத தர்மகர்த்தா சென்னியப்பன் இதைக் கெடுத்தார். முதல் கூட்டுச் சேவல் கண்காட்சியில் கோப்பை வாங்கிவிட்டதாம். இனி எட்டுக் கூட்டுக்கும் அது ஒன்றே போதும், மற்ற ஏழும் கமிட்டி விருந்துக்கு என்று மேடை போட்டு அறிவித்தார். அதற்கு 'ராஜகேசரி' என்று பட்டமும் சூட்டினார்.

அம்மையார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங், எட்டு ஊட்டுக்கும் ஒரே மாப்பிள்ளைன்னா, நாளைக்குப் பொறக்கறது பூராம் அண்ணந் தங்கச்சிங்க. நீங்க பங்காளிக்குள்ள பொண்ணெடுப்பீங்களா?"

"கோழிக்கென்ன ஆத்தா மொற? அதென்ன பத்திரிகை அடிச்சா கண்ணாலம் பண்ணுது?"

கமிட்டியே சிரித்தது. வேலையும் போயிற்று. அம்மையார் ஏழு சேவல்களையும் கூடையில் அள்ளிக்கொண்டு போய்த் தம் குடிசையில் கட்டினார். ஏழும் ஏழு நேரத்தில் கூவின. கோழிப்பைத்தியம் என்று ஊர் திட்டியது. கூலிக்குப் போய்ச் சம்பாதித்த கம்பைச் சேவல்களோடு பங்கிட்டு உண்டார். நம்பிக்கை மட்டும் குறையவில்லை.

மூன்றாம் ஆண்டில், கோயிலில் அடைவைத்த நூறு முட்டையில் பொரிந்தவை பதினைந்து. அவற்றிலும் பாதிக்கு விரல் கோணல். வாஸ்து பார்த்தார்கள், பரிகாரம் செய்தார்கள், கூட்டுக்குச் சாயம் அடித்தார்கள். சேவலை மாற்ற மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. தர்மகர்த்தா ஊட்டிய பாதாமில் கொழுத்து, ராஜகேசரியும் ஒருநாள் பொத்தென்று விழுந்து செத்தது.

அதன்பின், ஒன்றுமே நடவாதது போல், அம்மையாருக்கு ஆள் வந்தது. ஏழு சேவல்கள் ஏழு கூடுகளுக்குத் திரும்பின. எட்டாம் கூடு மட்டும் காலி. பிற ரத்தம் வேண்டும், எங்கே தேடுவது? கொடியேற்றத்தன்று அம்மையார் சேவற்கொடியின் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, பொறுமையிழந்தார்.

"முருகா, ஒத்தச் சேவலைத் துணியில நிறுத்தி வெச்சு என்னப்பா பண்ற? இங்க ஒரு கூடு காலியாக் கெடக்குது."

"கொடிக்கு என்ன செய்வது, தாயே?" என்று ஒரு குரல் கேட்டது.

"வேற படம் எழுதிக்கலாம். எனக்கு உசுரோட வேணும்."

மறுகணம் கொடி வெறுந்துணியாகப் படபடத்தது. எட்டாம் கூட்டில், ஊரில் எவரும் கண்டிராத செந்நிறச் சேவல் ஒன்று இறக்கையடித்துக் கூவியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்பெருமான் சேவலை இரங்கி அளித்தது தர்மகர்த்தாவின் மேடைக்கல்ல, எச்சம் கூட்டிய அந்தக் கைக்கே. அம்மையாரின் தொண்டு வாழ்க!

சென்னியப்பன் மாலையோடு ஓடிவந்து, இது தெய்வச் சேவல், எட்டுக் கூட்டுக்கும் இனி இது ஒன்றே போதும் என்றார்.

அடுத்த தைப்பூசத்தில் அம்மையார் அதையும் பிடித்து முதல் கூட்டில் விட்டார்.