நடு ஆற்றில் ஒரு சுற்று

அந்தக் காலத்தில், ஆற்றுயிர்களெல்லாம் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், பரிசல் சுற்றாது. காவிரி பாறைகளுக்கிடையே குதித்து விழும் இடத்தில், அருவி பார்க்க வந்தவர்களை முன்பக்கம் உட்காரவைத்து, பின்பக்கமிருந்து துடுப்புப் போட்டு நேரே கொண்டுபோய் நேரே கொண்டுவருவார்கள்.

பரிசல்காரன் கெம்பன் சந்தேகப்பிராணி. மாமியார் ஊற்றும் கஞ்சியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பான். அப்படிப்பட்டவனிடம் ஒருநாள் மடுவிலிருந்த முதலை குழைந்து பேசியது.

"கெம்பண்ணே, நாளைக்கு அண்ணியக் கூட்டிட்டு வரீங்களாமே?"

"ஆமா."

"எந்தப் பக்கம் உக்காருவாங்க?"

"முன்னாடிதான்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் கெம்பன். "அது எதுக்கு உனக்கு? பாய் விரிக்கப் போறியா?"

"சும்மா கேட்டேண்ணே," என்று முதலை முங்கிவிட்டது.

சும்மா கேட்கிற ஜென்மமா அது? கெம்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி மாதிக்கோ நிறைமாதம். இன்னும் இரண்டு நாளில் அவள் அம்மா வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போய்விடுவாள். அதற்குள் அருவியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று மாதி ஒற்றைக்காலில் நின்றாள். முதலை கேட்டதைக் கெம்பன் சொல்லிப் பார்த்தான்.

"அதுவும் பாசமாத்தான கேட்டிருக்கும், மாமா?"

"பாசமா கேக்கறவன் சொகமான்னு கேப்பான். எந்தப் பக்கம்னு கேப்பானா?"

மாதி கேட்கவில்லை. மறுநாள் காலையில் பரிசலேறி முன்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். சாரல் முகத்தில் அடிக்க, கைகொட்டிச் சிரித்தாள். கெம்பன் அருவியைப் பார்க்கவேயில்லை. தினமும் வணக்கம் சொல்கிற முதலையை இன்று எங்கும் காணோம். அவன் கண் தண்ணீரையே துழாவியது.

நடு ஆற்றுக்கு வந்ததும் நீரில் குமிழிகள் தெரிந்தன. கோடு போட்டாற்போல மாதி இருந்த பக்கத்துக்கே அவை வந்தன.

கெம்பன் துடுப்பை ஆழ ஊன்றி ஒரே வலி வலித்தான். பரிசல் அரைவட்டம் திரும்பியது. மாதி இருந்த இடத்துக்கு இவன் வந்தான். பிளந்த வாயோடு எழும்பிய முதலையின் தொண்டைக்குள் துடுப்பைச் செருகினான். படக்கென்று பாதித் துடுப்பு போயிற்று.

அருவியின் இரைச்சலில் மாதிக்கு எதுவும் கேட்கவில்லை. தலைசுற்றலில் கண்ணை இறுக்கி மூடியிருந்தவள், "ஐயோ மாமா, இன்னொரு சுத்து!" என்று கெக்கலித்தாள்.

கெம்பன் மிச்சத் துடுப்பால் சுற்றினான், சுற்றிக்கொண்டே நாலாபக்கமும் தண்ணீரைப் பார்த்தான். எந்தப் பக்கம் யார் என்று புரியாமல் குமிழிகள் இங்கும் அங்கும் அலைந்து, கடைசியில் நின்றுபோயின.

"துடுப்பு எங்க மாமா பாதி?"

"பாறையில பட்டுருச்சு," என்றான்.

அன்று முதல்தான் பரிசல்காரர்கள் நடு ஆற்றில் பரிசலைச் சுற்றிவிடுகிறார்கள். ஏறியவர்கள் தங்களுக்காகத்தான் சுற்றிவிடுகிறார்கள் என்று எண்ணிக் கூச்சலிட்டுச் சிரிக்கிறார்கள்; துடுப்புப் போடுகிறவன் மட்டும் சிரிக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.