அரசியை வரவழைத்த ஓலை

பதினாறு போர்களில் வென்ற ஒரு மன்னர், மனைவிக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாமல் திண்டாடிய கதை இது.

வெண்குன்ற நாட்டு மன்னர் பெருவிறலர் அரசியோடு ஆடிய சதுரங்கத்தில் கள்ளத்தனமாகக் காயை நகர்த்தினார். தேமொழியாள் என்னும் அந்த அரசி கையும் களவுமாகப் பிடித்தாள். மன்னர் மறுத்தார். அரசி தாய்வீடு போய்விட்டாள். நாற்பது நாள்களில் மன்னர் ஐந்து ஓலைகள் அனுப்பினார். ஐந்துக்கும் வந்த மறுமொழி ஒன்றே: "கிடைத்தது."

மன்னர் அவைப்புலவர் வடிவுடையாளை அழைத்தார்.

"எட்டு நாளில் அரசி இங்கே வந்தாக வேண்டும். அதற்கேற்ற ஓலை எழுது. அவள் வராவிட்டால் நீ நாட்டைவிட்டுப் போக வேண்டும்!"

"முந்தைய ஓலையைப் பார்க்கலாமா, அரசே?"

அரண்மனைக் கடிதங்களை எழுதும் ஓலைநாயகம் குழைக்காதர் பெருமிதத்துடன் அதன் நகலை நீட்டினார். முறைப்படி முதலில் மன்னரின் பதினாறு வெற்றிகள். பிறகு, "அரசி உடனே திரும்புக." அதன் கீழே எட்டு அமைச்சர்களின் சாட்சிக் கையொப்பம்.

வடிவுடையாள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "'தாழைத்துறை வேந்தனைப் புறமுதுகிட்டோடச் செய்தவரும்...' இந்த வேந்தர் யார் தெரியுமா?"

"ஏழாம் வெற்றி!" என்றார் குழைக்காதர்.

"அரசியின் தந்தை ஐயா! அவர் வீட்டில்தான் அரசி இருக்கிறார்."

மன்னர் திடுக்கிட்டார். "ஐந்து ஓலையிலுமா எழுதினீர்?"

"முறை என்றால் முறைதானே, அரசே!"

வடிவுடையாள் எழுத்தாணியை எடுத்தாள். "அரசி இப்போது எதிரே வந்து நின்றால் என்ன சொல்வீர்கள்?"

"என்ன சொல்வேனா? 'உனக்கு இரக்கமே இல்லையா?' என்பேன். 'ரசத்தில் உப்பில்லை என்றேன். மறுநாள் உப்பில் ரசமில்லை. உன் கிளி என்னைக் கண்டால் முதுகைத் திருப்பிக்கொள்கிறது. தலைப்பாகை கோணலாக இருக்க, அயல்நாட்டுத் தூதரோடு அரைநாள் பேசினேன். சொல்ல ஓர் ஆளில்லை. சதுரங்கத்தில் எல்லாரும் வேண்டுமென்றே தோற்கிறார்கள். ஜெயித்து ஜெயித்து அலுத்துவிட்டது!' என்பேன்."

இப்படியே ஒரு நாழிகை பொரிந்து தள்ளிவிட்டு, மன்னர் தண்ணீர் கேட்டார். குடித்து முடித்தார்.

"சரி, ஓலையைத் தொடங்கு."

"தாங்கள் தண்ணீர் குடிக்கும்போதே அது குதிரையேறிவிட்டது, அரசே."

"என்ன! நான் உளறியதையா அனுப்பினாய்?"

குழைக்காதர் அலறினார். "வெற்றி இல்லை! முத்திரை இல்லை! சாட்சி இல்லை! பெயர்கூட இல்லை!"

"வடிவுடையாளே, மூட்டையைக் கட்டு!" என்று மன்னர் கர்ஜித்தார்.

அவள் கட்டிய மூட்டை ஐந்து நாள் வாசலிலேயே கிடந்தது. ஆறாம் நாள் பல்லக்கு வந்து நின்றது. அரசி இறங்கினாள்.

குழைக்காதருக்குப் பொறுக்கவில்லை. "தேவி, பெயரே இல்லாத ஓலை அது. மன்னருடையது என்று எப்படி அறிந்தீர்கள்?"

"முப்பது வரி புலம்பல், ஒரு வரிகூட மன்னிப்பு இல்லை. வேறு யார் எழுதியிருப்பார்?" என்றாள் அரசி.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி வடிவுடையாளிடம் நீட்டினார்.